உறங்கும் விதை, உறங்காத விதை

குறிஞ்சிப்பாடியைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் முந்திரி இவ்வளவு செழிப்பாக நிற்பதைப் பார்த்தால், அது வந்தேறிய மரம் என்றே தோன்றாது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. மணல் கலந்த இந்த மண்ணில் மழைநீர் தங்காது. முந்திரி இலையோ தோல்போலத் தடித்தது, மேலே மெழுகுப் பூச்சு கொண்டது. உள்ளே இருக்கும் ஈரத்தைச் சித்திரை வெயிலால் எளிதில் உறிஞ்சிவிட முடியாது.

விதை இன்னும் அதிசயம். பழத்துக்கு வெளியே கொட்டை தொங்குகிறது. உண்மையில் நாம் பழம் என்பது பருத்த காம்புதான். இனிப்புக்காக வௌவால் அதைக் கவ்விப் பறந்து, தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். கொட்டையைக் கடிக்கத் துணியாது, ஓட்டில் இருக்கும் எண்ணெய் அப்படி எரிக்கும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் விழும் கொட்டை அந்த ஓட்டுக்குள் உறங்கியபடி மழைக்காகக் காத்திருக்கும்.

அதே வெயிலில் எருக்கு வேறு வழி கண்டது. இலையில் வெண்பூச்சு, உடைத்தால் ஆடு மாடு ஒதுங்கும் பால். விதையில் பட்டுக் குஞ்சம். காற்றடித்தால் போதும், ஆளில்லாத தரிசு எதுவும் அதற்குத் தூரமில்லை.

இந்தச் செம்மண்ணிலிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் பிச்சாவரம் அலையாத்திக் காடு. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது உப்புத் தண்ணீர். வெண்கண்டல் மரம் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றும். வெயிலேறிய பிறகு இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். சுரபுன்னையோ பெரும்பகுதி உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும்.

சுரபுன்னை விதைக்கு உறக்கமே கிடையாது. அலையடிக்கும் சேற்றில் உறங்கினால் அடித்துச் செல்லப்படும், உப்பில் முளைப்பதும் கடினம். எனவே தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு வளர்ந்து, நாற்றாகவே கீழே விழுகிறது. நீர் வற்றிய நேரமாக இருந்தால் சேற்றில் குத்தி நிற்கும். நீர் ஏறியிருந்தால் மிதந்து போய், வேறொரு கரையில் வேர்விடும். காத்திருப்பது முந்திரிக்கு உயிர், காத்திருக்காதது சுரபுன்னைக்கு உயிர். ஒரே மாவட்டத்துக்குள் இந்த இரண்டும் நடக்கின்றன என்பது எனக்குத் தீராத வியப்பு.

ஆனால் தகவமைப்புக்கும் எல்லை உண்டு. பிச்சாவரத்தில் முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை வெயிலில் காய்ந்து தாழ்ந்து, ஓதநீர் குட்டையாகத் தேங்கியது. நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறி, உப்புக்கென்றே பிறந்த மரங்களாலும் அங்கே முளைக்க முடியவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அந்தத் திட்டுகளில் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து, வெண்கண்டல் நட்டன. உப்பு இறங்கியது, காடு திரும்பியது. மரங்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அடைபட்ட நீரைத் திறந்துவிட்டதே போதுமாயிருந்தது.