ஊசி என்னும் தண்டனை

'அழுதா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்.' ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் குழந்தை, ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்பே கேட்டுப் பழகிவிடும் வாக்கியம் இது. சோறு வேண்டாமென்றாலும் பாவில் கை வைத்தாலும் இதே மிரட்டல்தான். ஆக, ஊசி வைத்தியமாக அறிமுகமாகும் முன்பே தண்டனையாக அறிமுகமாகிவிடுகிறது. பிறகொருநாள் நான்கு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க, நிஜமாகவே ஊசி இறங்கும்போது, 'நான் என்ன தப்புப் பண்ணேன்?' என்றுதான் குழந்தைக்குத் தோன்றும்.

மருத்துவச் சொல்லாடலில் இக்கேள்விக்கு இடமில்லை. அதற்குக் குழந்தை என்பது ஒரு எடை, ஒரு வெப்பநிலை, அகப்படாத ஒரு ரத்தநாளம். குழந்தையின் வலியையே அது நீண்டகாலம் சந்தேகித்தது. பச்சிளம் சிசுக்களுக்கு மிகக் குறைந்த மயக்கமருந்துடன் அறுவை செய்வது 1980கள் வரை மேலைநாடுகளிலேயே பரவலாக இருந்தது. சிசுவின் உடலும் வலிக்கு எதிர்வினை புரிகிறது, வலியைத் தணித்தால் சிக்கல்கள் குறைகின்றன என்பதை கே.ஜே.எஸ். ஆனந்தும் சக ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின.

இன்று 'மருத்துவ அதிர்ச்சி அழுத்தம்' எனப்படுவதன் முக்கியக் கூறுகள் மூன்று. நடந்தது கனவிலும் விளையாட்டிலும் திரும்பத் திரும்ப வருவது. வெள்ளை உடுப்பு, ஸ்பிரிட் வாசனை, ஆஸ்பத்திரித் தெரு என அதை நினைவூட்டும் எதையும் விலக்குவது. உடல் எந்நேரமும் திடுக்கிட்டு விழித்திருப்பது. பேச்சு குறையலாம், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பலாம். பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் மீள்கிறார்கள். சிலர் மீள்வதில்லை. நோயின் கடுமை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. செத்துப்போய்விடுவோம் என்று குழந்தை எவ்வளவு பயந்தது, பெற்றோர் எவ்வளவு நிலைகுலைந்தார்கள் என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

பெற்றோரின் நிலைகுலைவு என்றதுமே வர்க்கம் உள்ளே வந்துவிடுகிறது. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தையை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் இங்கிலாந்தில் படமாக்கினார். பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கும்படி 1959இல் பிளாட் குழு பரிந்துரைத்தது. நம் அரசு மருத்துவமனைகளில் கதை வேறு. தாய் கூடவேதான் இருக்கிறாள், கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கிறாள். ஆனால் ஊசி போடும்போது மட்டும் 'நீ வெளியில இரும்மா.' 'இத்தனை நாள் எங்க போயிருந்தே?' என்று குழந்தைக்கு எதிரிலேயே ஏச்சு. தன்னைக் காக்கக்கூடிய ஒரே ஆள் கைகட்டி நிற்பதைக் குழந்தை பார்க்கிறது.

பெரிய சிகிச்சைக்கு வேலூர் போனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. முதலாளியிடம் முன்பணம்தான் வழி. பட்டுத்தொழிலில் முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகளின் உழைப்பே அடகு வைக்கப்பட்டதை, காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் பதிவு செய்திருக்கிறது. 'உனக்குப் பாத்துதான் இவ்ளோ கடன்' என்ற ஒரு சொல் போதும், ஊசி உண்மையிலேயே தண்டனைதான் என்று குழந்தைக்கு உறுதியாகிவிடும்.

மாற்று ஒன்றும் செலவு பிடித்ததல்ல. 'வலிக்காது' என்ற பொய்யை விட்டு 'கொஞ்சம் வலிக்கும், அழலாம்' என்று சொல்வது. மல்லாத்தி அமுக்காமல் அம்மா மடியில் உட்கார்த்தி வைத்து ஊசி போடுவது. எந்தக் கையில் போடலாமென்று குழந்தையையே கேட்பது. வீட்டில் அந்த மிரட்டலை நிறுத்துவது நம் வேலை. சிகிச்சை அறைக்குள் தாய்க்கு இடம் என்பதோ அமைப்புகள் கோரிக்கையாக எழுப்ப வேண்டியது. படுக்கைக்கும் மருந்துக்கும் போராடுகிறவர்கள் இதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.