மூங்கில் வாலும் நேர்வழியும்

குச்சி முறிந்த வாணம் எத்திசையில் பாயும் என்று எவராலும் உரைக்க இயலாது. முழுக் குச்சியோடு விட்டால் அதே வாணம் வானோக்கி நேரே எழுகிறது. உந்தித் தள்ளும் நெருப்பு இரண்டிலும் ஒன்றே. ஏவூர்தியின் தொடக்க வரலாற்றைப் போர்களின் கதையாகவே படித்து வந்திருக்கிறோம். எனக்கோ அது, நேரே செலுத்துவது எப்படி என்னும் வினாவை மாந்தர் தம் கைகளால் துருவித் துருவி ஆராய்ந்த கதையாகத் தோன்றுகிறது. சிறு ஏவூர்திகளைச் செய்து பறக்கவிடும் இளையோரின் தீராத வேட்கைக்கும் வேர் அதுவே.

1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை மைசூரின் ஐதர் அலியின் படை சூழ்ந்து முறியடித்தது. கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகளைப் பற்றவைத்தவை மைசூர் வாணங்களே என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுவர். போரின் கொடுமையை ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்வாணத்தின் உடலை உற்று நோக்க வேண்டும். வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் அடைத்த கூட்டை மற்றோர் தாளால் செய்துகொண்டிருந்த காலத்தில், மைசூர்க் கொல்லர் இரும்பால் செய்தனர். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியது; எரிவளி சீறி வெளியேறியது; வாணம் ஒரு கிலோமீட்டரையும் கடந்து பாய்ந்தது. 2018-இல் கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தின் நகர் என்னும் ஊரில், பாழுங்கிணறு ஒன்றிலிருந்து இத்தகைய குழாய்கள் ஆயிரத்துக்கு மேல் வெளிப்பட்டன. அக்கொல்லர்தம் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லையே என்பது நெஞ்சை வருத்துகிறது.

அக்குழாயைத் தோல்வாரால் நீண்ட மூங்கிலோடு பிணைத்தனர். மூங்கில் செய்யும் வேலை நுட்பமானது. பறக்கும் பொருளின் தலை சற்றே சாயுமானால், எதிர்க்காற்று அதன் பக்கவாட்டில் மோதும். அம்மோதல் அனைத்தும் திரண்டு தாக்கும் புள்ளியை அழுத்த மையம் என்கிறோம். அது எடை மையத்துக்குப் பின்னே அமைந்தால், காற்றே வாலைத் தள்ளித் தலையை நேர்ப்படுத்தும்; முன்னே அமைந்தால் சாய்வு பெருகி ஊர்தி குட்டிக்கரணம் போடும். நீண்ட வால் அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இவ்வாணங்கள் இங்கிலாந்து சென்றன. அங்கே அவற்றைச் செப்பனிட்ட வில்லியம் காங்கிரீவும் குச்சியைக் கைவிடவில்லை. எரிவளியைச் சாய்வாக வெளியேற்றி உடலைச் சுழலவிட்டு, குச்சியின்றியே நேர்வழி கண்டவர் வில்லியம் ஹேல், ஆண்டு 1844.

பேரறிஞரும் இவ்விடத்தில் இடறினர். 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் ஆபர்ன் நகரில் ராபர்ட் காடர்ட் ஏவிய முதல் நீர்ம எரிபொருள் ஏவூர்தி இரண்டரை நொடி பறந்து, 12.5 மீட்டர் உயர்ந்து, 56 மீட்டர் தொலைவில் விழுந்தது. உந்தியை உச்சியில் வைத்து, எரிபொருள் கலங்களைக் கீழே தொங்கவிட்டிருந்தார். மேலிருந்து இழுத்தால் நேரே செல்லும் என்பது எண்ணம். ஆனால் உடல் சாய்ந்தால் உந்துவிசையும் உடன் சாய்கிறது, திருத்துவார் இல்லை. பின்னர் உந்தியை அடியிலேயே அமைத்தார்.

இந்தியாவில் இவ்வார்வத்தின் தூய வடிவாக நான் காண்பவர் கல்கத்தாவின் ஸ்டீபன் ஸ்மித். படைத்தலைவரல்லர், பொறியாளருமல்லர், வானஞ்சலில் மனம் பறிகொடுத்தவர். 1934 செப்டம்பரில் கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி அவர் விட்ட ஏவூர்தி நடுவானில் வெடித்து, மடல்கள் சிதறின. அவர் ஓயவில்லை. மறு ஆண்டு சிக்கிம் அரசரின் ஆதரவோடு மலைநாட்டில் அஞ்சல் அனுப்பினார்; தாமோதர் ஆற்றின் குறுக்கே ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் ஏவூர்தியில் ஏற்றி உயிரோடு கரைசேர்த்தார். 1992-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

அமெரிக்கச் செருப்புக் கடைக்காரர் ஆர்வில் கார்லைல், 1954-இல் தாளுடலும் மென்மரச் சிறகும் கொண்ட சிற்றேவூர்தியைத் தம் உடன்பிறந்தாரோடு உருவாக்கினார். ஆலையில் அடைத்த உந்தியைப் பொருத்தி ஏவும் அம்முறையை ஹாரி ஸ்டைன் பரப்பினார். தாமே மருந்து இடித்து விரல் இழந்த இளைஞரைக் கண்ட காலம் அது. அத்தகைய உந்திகள் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிட்டுவதில்லை. மருந்து கலப்பதோ உயிருக்கு இடர். உரிமமின்றிச் செய்வது குற்றமும் ஆகும்.

ஆயினும் நெருப்பு வேண்டியதில்லை. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரைச் சூழ்ந்த சமவெளியில், கோடையில் வற்றிய கண்மாயும் அறுவடை முடிந்த வயலும் போதும். அட்டைச் சிறகுகள் ஒட்டிய குளிர்பானப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர்விட்டு, மிதிவண்டிப் பம்பால் காற்றடைத்து, வாய்ப்புறம் கீழாக நிறுத்தித் தொலைவிலிருந்து கயிற்றை இழுத்து விடுவித்தால், நீர் கீழே பாய ஊர்தி மேலே எழும். எழுமுன் ஒரு சோதனை உண்டு. வெற்றுப் புட்டியின் எடை மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னோக்கிச் சென்றால் நன்று. வால் முந்தினால், மூக்கில் சிறிது களிமண் சேர்க்கலாம், அல்லது அடிச் சிறகுகளை அகலமாக்கலாம். மூங்கிலால் மைசூர்க் கொல்லர் பெற்றதை மாணவர் அட்டையாலும் களிமண்ணாலும் பெறுவர். ஏவுமிடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, கோணமானியில் தூக்குநூல் கட்டி உச்சியை நோக்க வேண்டும். கோணம் 45 பாகை என்றால், பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு மேல் ஊர்தி எட்டிய உயரமும் 30 மீட்டரே.