உப்பு, உளி, கல்வெட்டு: கலைப்பொருள் பாதுகாப்புப் படிப்பை முன்வைத்து

கலைப்பொருள் பாதுகாப்பு என்றதும் தூசு தட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதென்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். அதற்குப் போய் ஒரு முதுகலைப் படிப்பா என்ற கேள்வியும் வருகிறது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை எடுத்துக்கொள்வோம். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. அதன் கல்லைத் தின்பது அலை மட்டுமல்ல. காற்றோடு வரும் உப்பு நுண்துளைகளில் இறங்குகிறது. ஈரம் காய்ந்ததும் படிகமாகி உள்ளிருந்தே கல்துகளைப் பெயர்க்கிறது. இதற்குத் தொல்லியல் துறையினர் நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக்கூழைக் கல்மேல் அப்புகிறார்கள். கூழ் காயக் காய உப்பு அதற்குள் இழுபடுகிறது. உரித்துப்போட்டு மறுபடி அப்ப வேண்டும். இதில் உளிக்கு வேலையே இல்லை.

செப்புப் படிமங்களுக்கும் உப்புதான் எமன். குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் உலோகம் வெளிர்பச்சைப் பொடியாக உதிரும். இந்த நோயைத் தீர்க்கத்தான் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் அங்கே மின்பகுப்பு முறையில் படிமங்களுக்குச் சிகிச்சை செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார். ஆக, இந்த அறிவு நமக்குப் புதுசில்லை.

ஆனால் இதையே முதுகலையாகப் படிக்க வேண்டுமென்றால், 1989இல் புது தில்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனம் என்ற பெயரில் தொடங்கிப் பிற்பாடு நொய்டாவுக்குப் போன நிறுவனத்தைத்தான் முதலில் கைகாட்டுவார்கள். மாமல்லபுரத்தில் 1957 முதலே அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே முதன்மையாகக் கற்பது புதிதாய்ச் செய்வதை. இரண்டுக்கும் நடுவே, சிறுசேரி மென்பொருள் பூங்காவுக்குப் போகும் பழைய மாமல்லபுரம் சாலை நெடுக எத்தனையோ பொறியியல் கல்லூரிகள். சாலைக்குப் பேர் கொடுத்த ஊரின் கல்லைப் பற்றி அவற்றுக்கென்ன கவலை?

இங்கே மோதுவது இரண்டு அறிவுமுறைகள். பின்னமான படிமம் பூசைக்கு ஆகாது, புதுசு செய் என்பது ஸ்தபதியின் மரபு. சிதைவும் வரலாறுதான், குறைவாகத் தொடு, இன்று செய்ததை நாளை நீக்க முடியவேண்டும் என்பது பாதுகாப்பாளரின் விதி. ஒன்றை ‘மூடநம்பிக்கை’ என்றோ மற்றதை ‘மேற்கத்தியச் சரக்கு’ என்றோ தள்ளிவிடுவது சுலபம். வழிபாட்டில் இருக்கும் பொருளுக்கும் காட்சியில் இருக்கும் பொருளுக்கும் உயிர் வேறு வேறு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத இடைவெளியில் காண்ட்ராக்டர் நுழைகிறார். திருப்பணி என்று மணல்வீச்சு இயந்திரம் வைத்துச் சுவரைப் ‘பளிச்’சென்று ஆக்கியதில் எத்தனையோ கோயில்களில் கல்வெட்டுகள் மழுங்கின. போனது அரசனின் மெய்க்கீர்த்தி மட்டுமா? நிலம் யாருக்குப் போனது, வரி யார் கட்டினார்கள், யாரை அடிமையாக விற்றார்கள் என்ற கணக்கும் அந்தச் சுவரில்தான் இருந்தது. அதிகாரத்திற்கு எதிராகக் காட்ட நம்மிடமிருந்த சாட்சி அது.

எனவே இந்தப் படிப்பை வேதியியல்காரர்களின் தனிச்சொத்தாக விட்டுவிட முடியாது. ஸ்தபதியும் வேதியியலாளரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். பக்கத்தில் தமிழ் படித்தவரும் உட்கார வேண்டும். எழுத்தை வாசிக்கத் தெரியாதவர் எதைக் காப்பாற்றுவதென்று எப்படி முடிவு செய்வார்?