தைத்து ஒட்டினால் படகு ரெடி! சொந்தமா படகு கட்டுவதில் அப்படி என்ன கிக்?

ஆன்லைனில் வாங்கிய அலமாரியை, கையேட்டைப் பார்த்து நீங்களே பூட்டி நிமிர்த்தியபோது ஒரு சந்தோஷம் வந்ததே, ஞாபகம் இருக்கா? அந்த அலமாரி உங்களைத் தண்ணீரில் சுமந்துகொண்டு போனால் எப்படி இருக்கும்? வரைபடத்தைப் பார்த்து சொந்தமா படகு கட்டுறவங்களுக்குக் கிடைப்பது அந்த சந்தோஷம்தான்.

ஒரு காலத்தில் பிரிட்டனில் பாய்மரப் படகு என்றாலே வசதியானவர்கள் சமாசாரம். 1963-ல் 'டெய்லி மிரர்' நாளிதழ் அதை மாற்ற நினைத்தது. வீட்டு மராமத்து வேலைகளை டிவியில் சொல்லிக்கொடுத்துப் பிரபலமான பேரி பக்னெல், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் இருவரும் சேர்ந்து 'மிரர்' படகை உருவாக்கினார்கள். சுமார் 3.3 மீட்டர் நீளம், சிவப்புப் பாய், 63 பவுண்டு சொச்சத்துக்கு ஒரு கிட். இதுவரை 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன.

டெக்னிக் ரொம்ப சிம்பிள். ப்ளைவுட் பலகைகளின் ஓரத்தில் சின்னத் துளைகள் போடணும். செம்புக் கம்பியை நுழைத்து முறுக்க முறுக்க, தட்டையா கிடந்த பலகைகள் வளைந்து எழும்பி படகாகும். இணைப்புகளில் ஃபைபர் கிளாஸ் டேப் வைத்து ரெசின் பூசினால் இறுகிவிடும். பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெட்டிவிடலாம். பெரிய பட்டறையோ, தச்சு அனுபவமோ தேவையில்லை.

தைப்பது நமக்கும் புதுசில்லை. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல் பயணிகளைக் கரை சேர்த்த மசூலா படகுகளின் பலகைகளும் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவைதான்.

இன்று இதே முறையில் கட்டக்கூடிய சின்னப் படகுகளுக்கு வரைபடங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அதில் பலகையையும் நீங்களே அளந்து வெட்டணும். காசு மிச்சமாகுமா? பழைய படகு ஒன்று அதைவிட மலிவாகவே கிடைக்கலாம். அப்புறம் ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

தண்ணீர் பொய் சொல்லாது. ஆபீஸ் வேலையில் சின்னத் தப்பை மறைச்சிடலாம். படகில் ஒரு இணைப்பை அவசரமா ஒட்டியிருந்தால், முதல் நாளே காலடியில் ஈரம் தெரியும். ஆனா எங்கே ஒழுகுதுன்னு உங்களுக்குத் தெரியும். சரிபண்ணவும் தெரியும். கடையில் வாங்கிய படகு அந்த தைரியத்தைத் தராது.

ஆசை வந்துடுச்சா? முதலில் அட்டையை வெட்டி, டேப் ஒட்டி ஒரு குட்டி மாடல் செஞ்சு பாருங்க. நிஜப் படகுக்குப் போகும்போது, ரெசின் வேலைக்குக் கையுறை, மாஸ்க், காற்றோட்டமான இடம் அவசியம். தண்ணீரில் இறங்கும் நாளில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நீங்க கட்டின படகுதான்னாலும்!