அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஆபத்து

மலையகத்தில் மின்சாரம் – 9

சென்ற வாரம் ஈய-அமில பெட்டரிகளோடு நிறுத்தியிருந்தோம். தெமோதரை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் அவற்றின் காலம் மெல்ல முடிந்து வருகிறது. தலையில் மாட்டும் டோர்ச், ரவுட்டருக்கு வைக்கும் குட்டி யூ.பி.எஸ்., கரண்ட் போனதும் தானாக எரியும் லைட், கொழுந்து வெட்டும் கை மெஷின் என்று எதைத் திறந்தாலும் இப்போது உள்ளே இருப்பது லித்தியம் செல்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவாக 340 ரூபாய்க்குப் போனது. குப்பி விளக்கை நம்பியிருந்த லயன்களும் அதன் பிறகு பெட்டரிப் பக்கம் வந்துவிட்டன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டு, மண்சரிவில் பாதையும் கரண்டும் அறுந்துபோன இரவுகளில், ஒரு பவர் பேங்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஆள் உயிரோடு இருக்கும் செய்தி உறவுக்குப் போய்ச் சேருமா என்ற கேள்வியாகவே இருந்தது.

ஆகவே இது ஆடம்பரப் பொருள் பற்றிய பேச்சு அல்ல. தோட்டத்து நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர், கடையில் இருப்பதில் ஆக விலை குறைந்ததைத்தான் எடுப்பார். அவர் அப்படி எடுப்பதில் ஒரு பிழையும் இல்லை. அந்த மலிவுச் செல்லின் உள்ளே என்ன இருக்கிறது, வாங்குகிறவர் அதை எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

தெமோதரையில் ரயில் பாதை ஒரு மலையைச் சுற்றி இறங்கி, தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. அந்த வளைவுக்கு வழி தெரியாமல் நின்ற பொறியியலாளருக்கு, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் காட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். உருளை வடிவ லித்தியம் செல்லும் அந்தத் தலைப்பாகை போலச் சுற்றப்பட்டதுதான். உலோக ஒக்சைட் பூசிய அலுமினியத் தாள் ஒன்று. கிராஃபைட் பூசிய செப்புத் தாள் ஒன்று. இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவில் 20 மைக்ரோன் அளவே தடிப்புள்ள பிளாஸ்டிக் படலம். இவற்றை இறுக்கிச் சுருட்டி உலோகக் குப்பியில் இறக்கி, திரவம் ஊற்றி மூடிவிடுகிறார்கள். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் இருந்தால் அதற்கு 18650 என்று பெயர். நம் வீடுகளில் ஆக அதிகமாகப் புழங்குவது இதுதான்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் அலுமினியப் பக்கத்திலிருந்து கிளம்பி, படலத்தைக் கடந்து, கிராஃபைட்டுக்குள் போய் ஒதுங்குகின்றன. வருகிற அயனிகள் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் கிராஃபைட் தாள் மற்றத் தாளைவிட இரு ஓரங்களிலும் சற்று அகலமாக, சுமார் அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றுகிறார்கள். சுற்றும்போது தாள் கோணலாகி அந்த ஓரம் உள்ளே ஒடுங்கிவிட்டால், அங்கே வந்து சேரும் லித்தியம் ஒதுங்க இடமின்றி உலோகமாகவே படிகிறது. ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. ஒரு நாள் அது படலத்தைத் துளைத்து மறுபக்கத்தைத் தொட்டால் செல்லுக்குள்ளேயே ஷோர்ட். அதை வெளியில் இருக்கும் எந்த ஃபியூஸாலும் தடுக்க முடியாது.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் லூமாஃபீல்ட் என்ற நிறுவனம் பத்து பிராண்டுகளில் 1,054 செல்களை வாங்கி, ஆஸ்பத்திரியில் மண்டைக்கு எடுப்பதுபோல் சி.டி. ஸ்கேன் எடுத்து, 2025இல் முடிவை வெளியிட்டது. 33 செல்களில் இந்த ஓரக் குறை இருந்தது. அந்த 33உம் மலிவு விலை, போலி பிராண்டுகளிலிருந்து வாங்கிய 424 செல்களுக்குள்ளேதான் இருந்தன. மற்றவற்றில் ஒன்றில்கூட இல்லை. நூற்றுக்கு எட்டு என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு பெட்டரிப் பெட்டிக்குள் இப்படிப்பட்ட செல்கள் ஆறு இருந்தால், அவற்றில் ஒன்றாவது குறையுள்ளதாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் என்று கணக்கு வருகிறது. குறையுள்ள செல் எல்லாம் தீப்பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. அநேகமானவை சீக்கிரம் செத்துப்போவதோடு சரி. ஆனால் லயனில் பத்துக் குடும்பம் ஒரே கூரையின் கீழ் படுக்கிறது. ஒரு காம்பராவில் பிடித்த தீ தகரத்துக்கு அடியில் ஓடி அடுத்த வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தோட்டத்தில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

பெரிய கம்பனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2016இல் சாம்சுங் நோட் 7 போன்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற நேர்ந்தபோது, ஒரு தயாரிப்பாளரின் செல்லில் தாளின் மூலை மடங்கியிருந்தது. மற்றவரின் செல்லில் வெல்டிங் பிசிறு படலத்தைக் குத்தியிருந்தது. அங்கே தேடிக் கண்டுபிடிக்க ஆள் இருந்தது, திரும்பப் பெறவும் ஒரு பெயர் இருந்தது. பெயரே இல்லாத செல்லை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஸ்கேன் நமக்குக் கிடையாது. செல்லை வெட்டிப் பார்ப்பது ஒருபோதும் கூடாது. ஆனாலும் பார்க்க நிறைய இருக்கிறது.

பதுளை டவுனில் போன் திருத்தும் தம்பி ஒருவர் செத்த பவர் பேங்குகளைப் பிரித்துக் காட்டுவார். "அண்ணே, எழுத்தப் பாக்காதீங்க, தூக்கிப் பாருங்க" என்பதுதான் அவர் முதலில் சொல்வது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நல்ல கணக்கு இருக்கிறது. நம்பகமான பெரிய தயாரிப்பாளர்களின் 18650 செல்கள் 3,500 மில்லிஆம்பியர்-மணி அளவில் நிற்கின்றன. அதன் மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். ஓரளவு பொய் அல்ல, முழுப் பொய். எண்ணில் பொய் சொன்னவர் ஓரத்தை நேராகச் சுற்றியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும். முப்பதுகளில் நின்றால் உள்ளே சரக்கு குறைவு. பவர் பேங்குக்கும் இதே வழிதான்: 20,000 என்றால் 74 வாட்-மணி, நல்ல செல்லில் கிலோவுக்கு 250 வாட்-மணி அளவு அடங்கும், ஆக செல் மட்டுமே 300 கிராம் அளவில் வர வேண்டும். மொத்தப் பெட்டியுமே 200 கிராம் என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் பாரம் சரியாக இருந்தால் செல் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. பழைய லப்டொப் செல்லுக்குப் புது உறை போட்டு விற்பதும் நடக்கிறது. அதன் பாரம் சரியாகத்தான் இருக்கும்.

அதைப் பிடிக்க மீட்டர் வேண்டும். முழுதாக சார்ஜ் ஏற்றினால் 4.2 வோல்ட் காட்டும். இரண்டு வாரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 4.1க்கு மேல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளுக்குள் எங்கோ கசிகிறது. அப்படிப்பட்ட செல்லை நான் வீட்டுக்குள் வைக்க மாட்டேன்.

திறந்த பெட்டியில் செல்கள் எப்படிக் கோர்க்கப்பட்டிருக்கின்றன என்பதும் நிறையச் சொல்லும். இணைப்புப் பட்டை சின்னச் சின்னப் புள்ளிகளாக வெல்ட் செய்யப்பட்டிருக்க வேண்டும். செல்லின் மேலேயே ஈயம் உருக்கி ஒட்டியிருந்தால், அந்தச் சூடு உள்ளே படலம் வரை போயிருக்கும். செல்லின் தலைப்பக்கத்தில் நேர்முனையைச் சுற்றி ஒரு கடதாசி வளையம் இருக்க வேண்டும். குப்பியின் விளிம்பு முழுவதும் எதிர்முனை என்பதால், உறை கொஞ்சம் உரிந்தாலே இரண்டும் தொட்டுவிடும். மூன்று செல் தொடராக இருந்தால், நடுவில் உள்ள இணைப்புகளிலிருந்தும் மெல்லிய வயர்கள் பாதுகாப்பு போர்டுக்குப் போக வேண்டும். அவை இல்லாவிட்டால் போர்டுக்கு மொத்த வோல்ட்தான் தெரியும். ஒரு செல் அளவுக்கு மீறி ஏறி, மற்றொன்று காய்ந்து கிடப்பது தெரியாது. போர்டே இல்லாத பெட்டியும் கண்டிருக்கிறேன். அதைத் திருத்த முயலக் கூடாது.

இவ்வளவையும் மருந்தடித்து, கொழுந்து பறித்து வருகிற ஆள்தான் பார்க்க வேண்டும் என்பது நியாயமில்லை. சீனா 2025 ஜூன் 28 முதல், தன் கட்டாயத் தரச்சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்குகளை உள்நாட்டு விமானங்களில் ஏற்றத் தடை விதித்தது. விமானத்தில் ஒரே கூரைக்குள் அடைபட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு லயனுக்கும் வேண்டும். 9,900 என்ற எண்ணைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஒரு தராசோடு பதுளைக் கடைகளுக்குப் போனால் போதும். குறை சொல்வதற்காக எழுதவில்லை. நாளைக்கே செய்யக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

அதுவரை சார்ஜ் போடுவதை விழித்திருக்கும் நேரத்தில், மெத்தை இல்லாத இடத்தில், இஸ்தோப்புச் சிமெந்துத் தரையில் செய்யலாம். வீங்கியது, இனிப்பு வாடை வருவது, கையில் பிடிக்க முடியாமல் சுடுவது எதுவாக இருந்தாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

வாங்கும்போதே தெரிவு இருந்தால், லயனுக்கு நான் சொல்வது லித்தியம் இரும்பு பொஸ்பேட் செல். 1990களில் டெக்சாஸில் விஞ்ஞானி ஜோன் குடினஃபின் ஆய்வுக் குழுவில் பிறந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் இந்த வகை உப்புகளை குடினஃபோடு சேர்ந்து ஆராய்ந்தவர், தமிழ்நாட்டின் அமரபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டொக்ஹோமில் உரையாற்றியவரும் அவரே. பொஸ்பேட்டில் ஒக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் லேசில் பிரிந்து தீயை வளர்க்காது. பாரம் கூட, அளவு பெரிது. சுவரில் தொங்கும் லைட்டுக்கு அது ஒரு குறையே இல்லை. பல சூரிய லைட்டுகளுக்குள் ஏற்கனவே இதுதான் இருக்கிறது. ஆனால் இது 3.2 வோல்ட் செல், 3.65இல் நிரம்பிவிடும். 3.7 வோல்ட் செல்லுக்கான சார்ஜரில் போட்டால் 4.2 வரை தள்ளிக் கெடுத்துவிடும். மாற்றும்போது பழைய செல்லின் உறையில் 3.2 என்று இருக்கிறதா 3.7 என்று இருக்கிறதா என்று வாசித்து, அதே எண் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.