ஆயுதம் தொடாதவர்கள் – 9: இரண்டு கண்ணிகள்

டெஸ்மண்ட் டாஸைப் போன வாரம் ஒகினாவா குன்றின் உச்சியில் விட்டுவிட்டு வந்தோம். துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அமெரிக்க ராணுவத்தில் மருத்துவப் பணிக்குச் சேர்ந்தவர். கட்டிலோரம் மண்டியிட்டு ஜெபிக்கும்போது சக சிப்பாய்கள் பூட்ஸை விட்டெறிந்தது இவர் மேல்தான். புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதர் ஒரே ஒருமுறை துப்பாக்கியைக் கையில் எடுத்த கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் மூன்று நாட்களாக ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போலைன் என்று பெயர். கப்பல்காரர்கள் முடிச்சு. சாரணர் படையில் இருந்தவர்களுக்கு அந்த முயலை நினைவிருக்கும்: வளையிலிருந்து வெளியே வரும், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றும், திரும்ப வளைக்குள்ளேயே போய்விடும். மேற்கு வெர்ஜினியாவில் மலையேற்றப் பயிற்சி நடந்தபோது டாஸ் கையில் இருந்த கயிறு ரொம்ப நீளம். இரண்டாக மடித்துப் போட்டுப் பார்த்தார். ஒரு கண்ணி விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்தன. அப்போது அதற்கு ஒரு உபயோகமும் இல்லை.

1945 மே 5, சனிக்கிழமை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளுக்கு அது ஓய்வுநாள். குணமாக்குகிற வேலையை அன்றும் செய்யலாம் என்பது டாஸின் கணக்கு. வேதாகம வாசிப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்றார், படை அவருக்காகக் காத்திருந்தது. முன்பு பூட்ஸ் எறிந்த அதே படை! மேலே ஏறியவர்கள் 155 பேர். ஜப்பானியர்கள் திருப்பித் தாக்கியதும் பின்வாங்கச் சொல்லி உத்தரவு. தாங்களாகவே இறங்கி வந்தவர்கள் சுமார் 55. அடிபட்டவர்கள் மேலேயே கிடந்தார்கள். டாஸும் மேலேயே தங்கிவிட்டார்.

குன்றின் உயரம் 400 அடி, அதில் கடைசி 35 அடி செங்குத்துச் சுவர். இரண்டு கண்ணிகளிலும் ஆளுக்கு ஒவ்வொரு காலாக நுழைத்துத் தொடைவரை ஏற்றினார். மிச்சக் கயிற்றை அக்குளுக்கடியில் மார்போடு சுற்றி இன்னொரு முடிச்சு. நினைவு தப்பிய ஆளும் இதிலிருந்து நழுவ மாட்டான். மறுமுனையை ஒரு மரக்கட்டையின் அடியில் சுற்றிக்கொண்டு, பிடித்துப் பிடித்து விட்டார். பாதிப் பாரத்தைக் கட்டை வாங்கிக்கொண்டது. இன்னும் ஒருவனைக் காப்பாற்ற உதவி செய் ஆண்டவரே என்பதுதான் ஒவ்வொரு தடவையும் வேண்டுதல்.

இதை நான் செய்து பார்த்தேன். மொட்டைமாடித் துணிக்கொடியை அவிழ்த்து, மடித்து, முயலை இரண்டு தடவை தப்பான வளைக்குள் அனுப்பி, கடைசியில் கண்ணிகள் விழுந்தன. கால்களை விட்டுக்கொண்டு தண்ணீர்த்தொட்டி இரும்புத் தூணிலிருந்து தொங்கினேன், தரையிலிருந்து அரையடி உயரத்தில். ஈரத்துணி வாளியோடு மேலே வந்த வீட்டம்மா, "கட்டுரை அனுப்பியாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

சங்கதி என்னவென்றால், நாம் சாதாரணமாகப் போடும் சுருக்கு பாரம் ஏற ஏற இறுகும், தொடையை நெரித்துவிடும். போலைன் இறுகாது. அதைவிடப் பெரிய விஷயம், என் எழுபத்தெட்டு கிலோவைத் தாங்கிய முடிச்சை ஒரு விரலால் தள்ளினேன், சோம்பேறித்தனமாக அவிழ்ந்து கொடுத்தது. யோசித்துப் பாருங்கள். கீழே இறங்கிய ஆளைக் கழற்ற ஒவ்வொரு தடவையும் கத்தி தேவைப்பட்டிருந்தால், பத்தாவது ஆளுக்குக் கயிறு ஏது? டாஸின் நெஞ்சுரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதற்கு அரை வரிதான் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எத்தனை பேர்? இறங்காமல் போன கணக்கை வைத்து ராணுவம் நூறு என்றது. டாஸ், ஐம்பதுக்கு மேல் இருக்காது என்றார். கடைசியில் நடுவில் வெட்டி 75 என்று எழுதினார்கள். வீரப்பதக்கச் சான்றிலேயே இருக்கும் எண் இப்படி பேரம் பேசி வந்தது! அதிலும், குறைத்துக் கேட்டது பதக்கம் வாங்கப் போகிறவர்.

'ஹாக்ஸா ரிட்ஜ்' படம் பார்த்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். டாஸுக்கு ஒகினாவா முதல் போர்க்களம் என்று படம் நம்மை நினைக்க வைக்கிறது. அதற்கு முன்பே 1944இல் குவாமிலும் லெய்டே தீவிலும் காயம்பட்டவர்களை இழுத்து வந்தவர் அவர். லெய்டேயைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத ஆசை. ஆசிரியர் காதில் விழாமல் சொல்லி வைக்கிறேன்.

துப்பாக்கி? மே 21, இரவு. கையெறிகுண்டு வெடித்து டாஸின் கால்களில் பதினேழு சில்லுகள் ஏறின; மறுபடி ஒரு குண்டு பாய்ந்து கையெலும்பு முறிந்தது. கையை அசையாமல் வைத்துக் கட்ட நீளமாக ஒரு கட்டை வேண்டும். சுற்றுமுற்றும் துழாவியபோது அவருக்கு அகப்பட்டது...

அடுத்த வாரம்.