இசை விழாவுக்கு ஏற்ற உடை

மேலப்பாளையம் தறியொலியால் பெயர் பெற்ற ஊர். ஆதலின் இசை விழாவுக்கு எதை உடுப்பது என்னும் வினா நமக்கும் உரியதே. 1847-இல் மறைந்த தியாகராஜருக்குத் திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆராதனை நடைபெறுகிறது. பந்தலில் தரையில் அமர்ந்தே பஞ்சரத்ன கிருதிகள் ஐந்தையும் பாடுவர், அமர்ந்தே கேட்பர். காலையில் குளிர், நடுப்பகலில் வெக்கை. கனத்த சரிகைப் பட்டு அங்கே சுமையாகும். வியர்வையை உறிஞ்சும் கைத்தறிப் பருத்திச் சேலையும் எட்டு முழ வேட்டியுமே காலை மடக்கி நெடுநேரம் அமர ஏற்றவை. புதுத்துணியை ஒருமுறை நனைத்து உலர்த்தினால் கஞ்சியின் விறைப்பு நீங்கும். கரையின் நிறத்திலேயே ரவிக்கை அமைந்தால் அழகுக்குக் குறைவில்லை. குளிருக்குத் தோளில் ஒரு துண்டு போதும்.

அங்கத்தினர்கள் விழாவுக்குப் புறப்படுமுன் சங்கத்தின் துணியையே எடுப்பார்களாக. பருத்தி விளைத்தவரும் நெய்தவரும் உடுத்தாத துணியைப் பிறர் ஏன் வாங்குவர்?